பேட்டரித் துப்பாக்கி பற்றி மச்சானுக்குத் தெரிவித்துக்கொள்வது

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கங்கள் பல. இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். சமையலறைக் குழாய் மட்டும் நலமில்லை, ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அங்கே நீங்களும் மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் "எல்லாரும் சௌக்கியம், வெச்சிடவா" என்று சொல்வதற்கு மேல் நம்புவதற்கு எனக்கு வேறு ஆதாரம் எதுவும் கிடைப்பதில்லை. மாடியில் உங்கள் போர்ஷனை வாரம் ஒருமுறை திறந்து, ஜன்னல்களுக்குக் கொஞ்சம் காற்றுக் காட்டிவிட்டு மூடுகிறேன். இந்தக் கடிதத்தின் நோக்கம் முழுக்க முழுக்கத் தொழில்நுட்பம் சம்பந்தப்பட்டது. நீங்கள் இல்லாமல் இங்கே எனக்கு எப்படி இருக்கிறது என்பது பற்றி இதில் ஒரு வரி கூட வராது.

விஷயம் இதுதான். நம் துப்பாக்கி சுடும் கிளப்பில் புதிதாக ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கியிருக்கிறார்கள். பேட்டரியில் வேலை செய்வது. வாங்கலாமா வேண்டாமா என்று கூட்டம் போட்டபோது முதல் ஆளாக எழுந்து எதிர்த்தவன் நான்தான். ஸ்பிரிங் இல்லாத துப்பாக்கியும் முதுகெலும்பு இல்லாத மனுஷனும் ஒன்று என்று பேசினேன். கைதட்டல் வரும் என்று கொஞ்சம் நிறுத்திப் பார்த்தேன், வரவில்லை. விற்க வந்த பெண் நிதானமாக விளக்கினாள். உள்ளே சிலிண்டரில் அழுத்திய காற்று இருக்கிறதாம். நாம் ட்ரிக்கரைத் தொட்டதும் பேட்டரி ஒரு சின்ன வால்வைத் திறந்து மூடுகிறதாம். சிலிண்டரில் காற்று குறைந்தால் அதற்குத் தகுந்தாற்போல் வால்வைக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்குமாம். அதனால் முதல் குண்டும் கடைசிக் குண்டும் ஒரே வேகம். பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்று மடக்கினேன். தீர்வதற்கு முன்பே சொல்லிவிடும் என்றாள். காற்று தீர்ந்தால் என்றேன். அதையும் சொல்லிவிடும் என்றாள். "எல்லாத்தையும் முன்கூட்டியே சொல்லுமா? அப்ப எங்க மச்சானுக்கு நேர் எதிர்" என்றேன். நாம் 'விசில்' என்று பட்டப்பெயர் வைத்த செயலாளர் மட்டும்தான் சிரித்தார், அதே பல்லிடுக்குச் சிரிப்பு. மற்றவர்கள் புதியவர்கள், மச்சான் என்றால் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. எதிர்ப்பை வாபஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் சுட்டுப் பார்க்கும் பொறுப்பை, எதிர்த்தவன் என்ற முறையில் எனக்கே கொடுத்தார்கள். நம்முடைய பழைய துப்பாக்கியின் ட்ரிக்கரை இழுப்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பது மாதிரி. அந்தப் பழக்கத்தில் துப்பாக்கியைத் தூக்கி, காலை அகட்டி, மூச்சை இழுத்து, இனிமேல்தான் குறி பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே விரலை அங்கே வைத்தேன். வைத்ததுதான் தெரியும், குண்டு போய்விட்டது. சத்தம் கூட இல்லை, யாரோ நாக்கைச் சப்புக்கொட்டியது போல ஒரு ஒலி, அவ்வளவுதான். என் குறி அட்டையில் ஓட்டை இல்லை. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த பல் டாக்டரம்மா, தான் இன்னும் சுடவே இல்லை, தன் அட்டையின் நடுப்புள்ளியில் எப்படி ஓட்டை விழுந்தது என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் நான் அடித்த சுத்தமான பத்து அது ஒன்றுதான் மச்சான். அது அடுத்தவர் அட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. விதிப்படி எனக்குப் பூஜ்யம். டாக்டரம்மா அந்த அட்டையைத் தன் கிளினிக்கில் மாட்டியிருப்பதாகக் கேள்வி.

அடுத்து அதன் நம்பகத்தன்மை. இது நம்ப முடியாத அளவுக்கு நம்பகமானது, அதுதான் இதிலுள்ள தொந்தரவு. பழைய துப்பாக்கி என்றால் குறி தப்பினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்பீர்கள், நான் வாஷர் காய்ந்துவிட்டது என்பேன். நீங்கள் மழை ஈரம் என்பீர்கள், நான் போன வாரம் நீங்கள் போட்ட எண்ணெய் என்பேன். வீட்டுக்கு வந்து கூடத்தில் பழைய பேப்பரை விரித்துப் பிரித்துப் போடுவோம். அந்த ஸ்பிரிங் ஒருநாள் எகிறிப் பீரோவுக்கு அடியில் போய், உங்கள் தங்கை துடைப்பத்தால் எடுத்துத் தந்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஸ்பிரிங்தான் கழண்டிருக்கா?" என்று கேட்டது எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது. இந்தத் துப்பாக்கியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒருநாள் ஆறும் ஏழுமாக அடித்துவிட்டு, இது கோளாறு என்று புகார் கொடுத்தேன். விசில் அதை மேஜையில் ஒரு பிடிப்பானில் இறுக்கி வைத்து வரிசையாகச் சுட்டார். எல்லாக் குண்டும் ஒரே ஓட்டைக்குள் போயின. ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி. "துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு, வேற எங்கயாவது கோளாறு இருக்கும்" என்றார், மரியாதையாக. கடைசியில் என் மூக்குக்கண்ணாடிமேல் பழியைப் போட்டேன். போட்ட பிறகுதான், அதை என் கண்ணாடிக் கடையில் நானே சோதித்து நானே செய்துகொண்டது என்பது ஞாபகம் வந்தது. அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் என் வாடிக்கையாளர்கள். மூன்று பேர் அங்கேயே தங்கள் கண்ணாடியைக் கழற்றி உற்றுப் பார்த்தார்கள்.

ஆகவே ரகசியமாகப் பயிற்சி செய்யலாம் என்று முடிவு செய்தேன். இதில் இன்னொரு வசதி, காற்றும் குண்டும் இல்லாமல் வெறுமனே ட்ரிக்கரைத் தொட்டுப் பழகலாம். மூத்த உறுப்பினர் என்று பெட்டியோடு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். தினமும் மாலையில் கூடத்தில் நின்று சுவர்க் கடிகாரத்தைக் குறி பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பாட்டு டீச்சருக்கு, ஜன்னல் வழியாக நானும் துப்பாக்கியும் தெரிந்திருக்கிறோம், கடிகாரம் தெரியவில்லை. அதோடு அந்த நேரத்தில் உங்கள் தங்கை கையில் காபியோடு குறுக்கே வந்து நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் வந்தார். நான் பேட்டரி, வால்வு, சிலிண்டர் என்று ஆரம்பித்து விளக்கினேன். அவர் முகம் இன்னும் கடுமையானது. உங்கள் தங்கைதான் காப்பாற்றினாள். "இவர் கையில துப்பாக்கி இருக்கிற வரைக்கும் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்ல சார். கிளப்ல வேணும்னா விசாரிச்சுப் பாருங்க" என்றாள். விசாரித்துவிட்டுத்தான் போனார். போவதற்கு முன் தானும் ஒருமுறை ட்ரிக்கரைத் தொட்டுப் பார்த்து, "உதைக்கவே மாட்டேங்குதே" என்று ஆச்சரியப்பட்டார். உதைக்காத துப்பாக்கி அவருக்குப் புதுசு போலிருக்கிறது.

பேட்டரி விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை சார்ஜ் போட்டால் ரொம்ப நாள் வருகிறது, அதில் குறையில்லை. ஆனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அதைச் சார்ஜில் போடுவதற்காக உங்கள் தங்கையின் போனைப் பிடுங்கி ஓரமாக வைத்திருந்தேன். போன் செத்துப்போய்க் கிடந்திருக்கிறது. என் போன் வழக்கம்போல் கடையில். நீங்கள் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறீர்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டால் பேத்தி எடுத்து, "தாத்தா குளிக்கிறாங்க" என்று வைத்துவிட்டது. அந்த வாரம் முழுவதும் உங்கள் தங்கை என்னோடு பேசவில்லை. நானும் என்னோடு அதிகம் பேசவில்லை. "வெச்சிடவா" என்ற ஒரு வார்த்தையைக் கேட்காமல் ஒரு வாரம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இது தொழில்நுட்பத்துக்குச் சம்பந்தம் இல்லாதது, விட்டுவிடுகிறேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டு அக்கா மறைந்த பிறகும் ஞாயிறு தவறாமல் கிளப்புக்கு வந்துகொண்டிருந்த நீங்கள், கேட்டில் விரல் நசுங்கிக் கட்டுப் பிரித்த பிறகு வந்த அந்த நாளை நான் மறக்கவில்லை. ட்ரிக்கரில் வைத்த விரல் மடங்கவில்லை. நீங்கள் கையோடு சேர்த்து இழுத்தீர்கள். துப்பாக்கி திரும்பி, மேலே இருந்த டியூப்லைட் பொலபொலவென்று கொட்டியது. விசில் திட்டாமல் துடைப்பத்தை எடுத்து வந்து கூட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் துப்பாக்கியை மெதுவாக மேஜையில் வைத்து, "போதும்ப்பா, இவ்வளவு நாள் பஸ் ஓட்டின கைதானே, கொஞ்சம் ஓய்வு கேக்குது" என்றீர்கள். மகள் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினீர்கள். கொஞ்ச நாள் என்பது உங்கள் அகராதியில் எவ்வளவு என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

இந்தப் புதுத் துப்பாக்கியை முதன்முதலில் தவறுதலாகச் சுட்டேனே, அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது, இது மச்சான் விரலுக்கென்றே செய்தது என்று. ஆனால் தோன்றினால் போதுமா, சோதித்துப் பார்க்க வேண்டாமா? என் ஆள்காட்டி விரலை ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்போடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். உங்கள் தங்கை எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். அவள் ரொம்ப இறுக்கமாகக் கட்டினாள், பிரிக்கவே அரைமணி ஆனது. கட்டிய விரலோடு கிளப்புக்குப் போனேன். ஆளாளுக்கு என்ன ஆச்சு என்றார்கள். கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றேன். பல் டாக்டரம்மா மட்டும் பிரஷ்ஷைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் என் முகத்தையும் பார்த்துவிட்டு, தன் அட்டையின் பக்கம் திரும்பிக்கொண்டார். மடங்காத விரலால் ட்ரிக்கரைச் சும்மா உரசினேன். ஒன்பது. மறுபடி உரசினேன். ஒன்பது. மச்சான், நல்ல விரலால் நான் அடிப்பதைவிட இது மேல். நீங்கள் விரலை அசைக்கக்கூட வேண்டாம், அதன் பக்கமாக நினைத்தாலே போதும்.

மூத்தவர்களுக்கான ஜோடிப் போட்டி வருகிறது. இருவர் சேர்ந்து சுட வேண்டும். விசில் எனக்கு யார் யாரையோ ஜோடி சேர்த்துவிடப் பார்க்கிறார். ஒரு ரிட்டயர்டு இன்ஜினியரை அனுப்பினார், நல்ல மனுஷன், நன்றாகவும் சுடுகிறார், குறி தப்பினால் "என் தப்பு" என்று உடனே ஒத்துக்கொள்கிறார். அப்படிப்பட்டவரோடு எப்படி மச்சான் பொழுது போகும்? எனக்கு இடப்பக்கம் உங்கள் இடத்தில் நான் என் பையை வைத்துவிடுகிறேன். ஆள் வரப்போகிறது என்று சொல்லிவிடுகிறேன். ரொம்ப நாளாக அதையே சொல்லிக்கொண்டிருப்பதால் இப்போது யாரும் கேட்பதில்லை. ஆகவே மேற்கண்ட நம்பகத்தன்மையையும் நன்மைகளையும் நன்றாக யோசித்து, விரல் காரணமாகத் தயங்கிக்கொண்டிருக்காமல், உடனே புறப்பட்டு வரவும். மாடிப் பூட்டுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். பேத்தி நிறையப் படித்து நிறைய விளையாடி, யாராவது போனில் கூப்பிட்டால் முழுசாகப் பதில் சொல்லும் பெண்ணாக வளர என் ஆசிகள். உங்கள் தங்கை தன் நமஸ்காரங்களைச் சேர்க்கச் சொல்கிறாள். உங்கள் ஆசியை வேண்டி,

என்றும் தங்கள்,
தங்கையின் வீட்டுக்காரன்

பி.கு. கவரில் எழுதப் பின்கோடு இல்லையென்று உங்கள் தங்கை நேற்று உங்கள் மகளுக்குப் போன் செய்தாள். பேச்சுவாக்கில் விரல், துப்பாக்கி, பிரஷ் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். உங்கள் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாளாம். பிறகு, "அத்தை, அப்பா விரல் சரியாகி எவ்வளவோ நாளாச்சு. காலைல பாப்பாவுக்கு ரெட்டைப் பின்னல் போட்டு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறதே அப்பாதான். எங்களுக்கு வேற ஆள் இல்லன்னு நாந்தான் போக விடல" என்றாளாம். அப்படியென்றால் மாமாவிடம், அதாவது என்னிடம், ஏன் சொல்லவில்லை என்று உங்கள் தங்கை கேட்டிருக்கிறாள். "நானும் கேட்டேன் அத்தை. விரல்னு சொல்லி வெச்சா, சரியானா வந்துடுவேன்னு அவன் நம்பிக்கிட்டு இருப்பான், பேத்தின்னு சொன்னா நம்பிக்கையே போயிடும்னு சொன்னாரு" என்றிருக்கிறாள்.

ஆகவே மச்சான், மேலே எழுதியதில் எதையும் பொருட்படுத்த வேண்டாம். நீங்கள் வர வேண்டாம். போட்டிக்கு அந்த இன்ஜினியரும் டாக்டரம்மாவும் சேர்ந்து சுடட்டும், துப்பாக்கியைப் பெட்டியோடு விசிலிடம் கொடுத்துவிட்டேன். கடைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. நாங்கள் இரண்டு பேரும் கிளம்பி வருகிறோம். உங்கள் தங்கை பெரிய பெட்டியை இறக்கி எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருக்கிறாள், குளிர்காலப் போர்வை வரைக்கும். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "அண்ணன் போகச் சொல்ற வரைக்கும்" என்றாள். நீங்கள் சொல்லவே மாட்டீர்கள் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை எனக்கு முன்னால் அனுப்பிவைக்கிறேன்.