ஒன்பதாவது ஒப்புட்டு

எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. முப்பத்தாறு வருடம் நூற்பாலையில் தரப் பரிசோதகனாக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் எண்ணுவதற்கு ஒன்றும் மீதமில்லாததால், அறுபத்து மூன்று வயதில் எம்.ஏ. பொருளாதாரம் சேர்ந்தேன். முதல் உள்தேர்வில் ஐம்பதுக்குப் பதினொன்று. (என் மனைவி அதை இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள்.)

அப்படித் தடுமாறிய புதியவர்கள் என்னையும் சேர்த்து ஏழு பேர். புதன்கிழமைதோறும் ஒரு மணி நேரம் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க முன்வந்தவள் இரண்டாம் ஆண்டு மாணவி தாரணி. சோமனூரில் தறி ஓட்டும் குடும்பம். என் இளைய மகளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். 'மேடம்' என்று கூப்பிட்டுப் பார்த்தேன், சிரித்துவிட்டாள். பிறகு 'அம்மணி' என்றே ஆகிவிட்டது.

மாணவர் மாணவருக்குப் பாடம் எடுப்பதில் துறைத் தலைவருக்கு நம்பிக்கையில்லை. ஒரு புதன்கிழமை நேரில் வந்து பார்ப்பேன், பிரயோசனமில்லை என்றால் நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டார். நிறுத்தினால் பருவத் தேர்வில் நாங்கள் ஏழு பேரும் காலி. அந்தக் கவலையில், அவர் வருவதாகச் சொன்ன புதன்கிழமை ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய், மாடிப்படி இருபத்தேழையும் நான்கு முறை எண்ணி முடித்தேன்.

அன்றைய பாடம், குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. ஒரே பொருளை அடுத்தடுத்து அனுபவித்தால் ஒவ்வொன்றும் தரும் கூடுதல் திருப்தி குறைந்துகொண்டே போகும். தாரணி ஒரு தூக்குப்போசியைத் திறந்தாள். நெய் மணக்க ஒப்புட்டு (வேறு ஊர்க்காரர்களுக்குப் போளி), பத்து.

"ஏனுங்கய்யா, நீங்க வாங்க. ஒவ்வொண்ணும் சாப்பிட்டுப்போட்டு பத்துக்கு எத்தனை மார்க்குன்னு சொல்லோணும். அவ்வளவுதானுங்க. அம்மா வெடியால எந்திரிச்சு சுட்டாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்கக் கூடாது.

முதல் ஒப்புட்டுக்குப் பத்து. நியாயமான பத்து. இரண்டாவது, உள்ளபடி எட்டுதான். சொல்ல வாயைத் திறந்தேன். போசியில் வெட்டியிருந்த அந்த அம்மாவின் பெயர் கண்ணில் பட்டது. விடிவதற்குள் எழுந்து சுட்டவருக்கு இரண்டு மார்க் குறைப்பதா? எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்கிறவன் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

"பத்துங்க" என்றேன்.

மூன்றாவதும் பத்து. நான்காவதும் பத்து. பலகையில் சரிய வேண்டிய கோடு நேராகப் போனது. "தண்டவாளமாட்டப் போகுது" என்றான் பின் பெஞ்சில் ஒருவன். துறைத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

தாரணி குனிந்து கிசுகிசுத்தாள். "ஐயா, நெசத்தைச் சொல்லுங்க."

"நெசந்தானுங்க அம்மணி."

இப்போது குறைத்தால் முன்பு சொன்னது பொய்யாகிவிடும். பரிசோதகன் கொடுத்த அறிக்கையைத் திருத்தலாமா? ஐந்து, ஆறு, ஏழு.

"போதுமுங்களா?" அவள் குரல் கிட்டத்தட்டக் கெஞ்சியது.

"போதும்னு நான் சொன்னனா? வையுங்க." (இப்படிச் சொன்ன வாயை இன்றும் கண்ணாடியில் பார்க்க வெட்கமாக இருக்கிறது.)

எட்டாவதுக்குக் குரல் வரவில்லை, பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். ஒன்பதாவதில் பாதி உள்ளே போனதும் ஜன்னலுக்கு ஓடினேன்.

ஜன்னலுக்கு நேர் கீழே, நிழலில், ஒரு வெள்ளை ஸ்கூட்டர் நின்றிருந்தது. அது யாருடையது என்று நான் சொல்லப் போவதில்லை. துறைத் தலைவர் வேகமாக எழுந்து வந்து எட்டிப் பார்த்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அப்போது சாக்பீஸ் சத்தம் கேட்டது. திரும்பினேன். தாரணி தண்டவாளத்தின் முனையிலிருந்து செங்குத்தாக ஒரு கோட்டை இறக்கி, அச்சுக்கும் கீழே கொண்டுபோய்ப் புள்ளி வைத்திருந்தாள்.

"ஒம்பதாவதுக்கு ஐயா வாயால மார்க் சொல்லலீங்க, ஆனா சொல்லிப்போட்டாருங்க. இதுதான் எதிர்மறைப் பயன்பாடு. மொத எட்டும் மரியாதைக்குச் சொன்ன மார்க்கு. மனுசங்ககிட்டக் கேட்டு எழுதுற கணக்குல இந்தத் தப்பு வரும். அதையும் எழுதிக்கங்க."

ஆறு பேரும் எழுதினார்கள். நானும் வாயைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். துறைத் தலைவர் பலகையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "புதன்கிழமை கிளாஸ் நடக்கட்டும். பலகாரம் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கழுவப் போனார்.

ஏழு பேரும் தேறினோம். எனக்கு நூற்றுக்கு அறுபத்தெட்டு. அந்த விதிக்கு ஏழு விடைத்தாளிலும் உதாரணம் நான்தான். பொருளாதாரம் படித்தவர்கள் எத்தனையோ பேர், பொருளாதாரத்துக்கு உதாரணமானவர்கள் எத்தனை பேர்?

போன மாதம் தாரணிக்குக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. சோமனூரில் விருந்து. மனைவியோடு பந்தியில் உட்கார்ந்தேன். தாரணியின் அம்மாவே ஒப்புட்டோடு வந்தார்.

"எத்தனை மார்க்குங்க?"

"பத்துங்க."

இரண்டாவதை வைத்தார். தாரணி தூரத்திலிருந்து என்னையே பார்த்தாள். என் மாணவப் பருவத்தின் மானம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "எட்டுங்க" என்றேன்.

தாரணி கைதட்டினாள். அவள் அம்மா முகம் வாடிப்போனது. உடனே இன்னொன்றை எடுத்து இலையில் வைத்தார்.

"அந்த ரெண்டு மார்க்கை இதுல சரி பண்ணிக்கலாமுங்க."

பக்கத்து இலையிலிருந்து என் மனைவி, "ஏனுங்க, ஜன்னல் அந்தப் பக்கம் இருக்குதுங்க" என்றாள்.