கீழ்ப்பெட்டிக்குப் பொறுப்பு ஆணை

அந்த அரசு அலுவலகத்தில் கணினிகளையெல்லாம் இணைத்துவைத்திருந்தவை, மாடிப்படிக்கு அடியில் அடுக்கியிருந்த இரண்டு ஸ்விட்ச் பெட்டிகள். பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள், கேபிள்காரர். தங்கை கல்யாணத்துக்கு அவருக்கு இரண்டு நாள் லீவு வேண்டும். மூன்று முறை கேட்டாயிற்று, அதிகாரி மசியவில்லை.

"நீங்க இல்லாதப்ப நெட் போயிட்டா?"

"போகாது சார். ஒவ்வொரு மேசைக்கும் ரெண்டு பெட்டியிலேர்ந்தும் ஒயர் இழுத்திருக்கேன். மேல்பெட்டி படுத்தா கீழ்ப்பெட்டி அஞ்சு நொடியில தானா பொறுப்பை எடுத்துக்கும்."

அதிகாரி பேனாவை மூடினார். "தானான்னா? யார் உத்தரவுல?"

"உத்தரவெல்லாம் தேவையில்ல சார்."

"நானே உத்தரவு வாங்கித்தான் இந்த நாற்காலியில உட்கார்ந்தேன். ஒரு பெட்டி அது இஷ்டத்துக்கு உட்காருமா?"

நியாயமான கேள்விதான். மாலைக்குள் சுற்றறிக்கை வந்தது. மேற்படி கீழ்ப்பெட்டி, முறையான தற்காலிகப் பொறுப்பு ஆணை பிறப்பிக்கப்படும்வரை எப்பொறுப்பும் ஏற்கலாகாது. அதன் மின்கம்பி அதிகாரியின் மேசை இழுப்பறையில் பாதுகாக்கப்படும். கேபிள்காரருக்கு இது சரியாகப் படவில்லை. ஆனாலும் ஒரே தங்கை. கம்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு லீவு வாங்கிக்கொண்டார்.

மண்டபத்தில் அவர் கை சட்டைப்பையிலிருந்த போனை விட்டு அகலவில்லை. ஒரு அழைப்பும் வரவில்லை. இரண்டாம் நாள்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

திரும்பி வந்து பார்த்தால் மேல்பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அவர் ஊருக்குப் போன அன்று காலை பத்து மணிக்கே அது போய்விட்டதாம்.

"பதறாதீங்க. பத்தேகாலுக்கே ஆணைக்குக் கோப்பு அனுப்பிட்டேன்" என்றார் அதிகாரி.

"எதுல சார்?"

"நெட்லதான். கோப்பு காகிதத்துல போகக்கூடாதுன்னு தெரியாதா? போய்க்கிட்டே இருக்கு பாருங்க." திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

வேலை போயிற்று என்றே முடிவுகட்டி, கேபிள்காரர் ஜனங்கள் விண்ணப்பம் கொடுக்கும் கவுன்ட்டருக்கு ஓடினார். "ரெண்டு நாளா ஜனங்க சண்டை போடலையாம்மா?"

"எதுக்கு?" என்றார் கவுன்ட்டர் அம்மா. "எப்பவும் சொல்றதைத்தான் சொன்னோம். நெட் இல்ல, நாளைக்கு வாங்கன்னு. என்ன, இந்த ரெண்டு நாளும் அது நிஜம்."

கேபிள்காரர் யாரையும் கேட்காமல் இழுப்பறையைத் திறந்து கம்பியை எடுத்துச் செருகினார். நெட் வந்துவிட்டது. அந்த அம்மாவே மனம் மாறி, வரிசையில் முதலில் நின்றவரிடம் விண்ணப்பத்துக்குக் கை நீட்டினார்.

அவர் அதை ஏற்கெனவே மடித்துப் பையில் வைத்துவிட்டிருந்தார். "நெட் இல்லதானே மேடம்? நாளைக்கு வரேன்."

பின்னால் நின்றவர்களும் கலைந்து போனார்கள்.