காதில்லாப் பெட்டி

மாடி அரங்கில் நிற்க இடமில்லை. நாற்காலிகள் நிரம்பி, ஜன்னல் விளிம்புகள் நிரம்பி, படிக்கட்டு வரை கூட்டம் வழிந்தது. வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கவலை. அரட்டை இயந்திரத்திடம் இதுவரை கேட்டதெல்லாம் எங்கோ பதிவாகிக் கிடக்கிறதாம். மருமகளைச் சமாளிக்கக் கேட்ட யோசனை, மூல வியாதிக்குக் கேட்ட வைத்தியம், முதலாளியைத் திட்டாமல் திட்ட எழுதி வாங்கிய கடிதம், எல்லாம். கவலை நியாயமானதுதான். நியாயமான கவலை இருக்கும் இடத்தில்தான் வியாபாரம் சூடு பிடிக்கும்.

மேடையில் பேசும் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு நின்றவர் தன்னை ‘ரகசியக் காப்பாளர்’ என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். ரகசியத்தைப் பற்றிப் பேசுவதால் குரலைத் தாழ்த்தியே பேசினார். ஆனால் ஒலிவாங்கியை மட்டும் உதட்டைவிட்டு எடுக்கவில்லை.

“பெரிய கம்பெனிங்க எல்லாம் நீங்க பேசறதை ஒட்டுக் கேக்குது. என் பெட்டிக்குக் காதே கிடையாது. உங்க கேள்வி உள்ள போகும், பதில் வெளிய வரும். வேற எங்கயும் போகாது.”

காதில்லாத பெட்டி கேள்வியை எப்படிக் கேட்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. காப்பாளர் சுவரோரம் போய் இணைய வயரை வெடுக்கென்று பிடுங்கினார். அறுந்த வாலைப் போல அதைத் தூக்கிக் காட்டினார். பெட்டி அப்போதும் பேசியது. அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. கைதட்டியவர்களின் பைகளிலெல்லாம் வயரே இல்லாமல் பேசும் கைபேசி ஒன்று கிடந்தது. அதைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

முதல் வரிசையில் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டியவர் பல் டாக்டர். கீழ்த்தளத்தில் அவருடைய மருத்துவமனை. மாடி அரங்கம் பகுத்தறிவு மன்றத்தினுடையது. அதற்குச் செயலாளரும் அவர்தான். எதற்கெடுத்தாலும் ‘ஏன்?’ என்று கேட்பதால் ‘ஏன் டாக்டர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. காற்றிலிருந்து மோதிரம் வரவழைத்த ஆசாமியின் சட்டைக்கையை இதே மேடையில் உதறி, மோதிரங்களைக் கொட்டிக் காட்டியவர் அவர். அரங்கத்தைக் காப்பாளருக்குக் கொடுத்தவரும் அவரே. முதல் பெட்டியை வாங்கிக்கொண்டு புகைப்படத்துக்குச் சிரித்தவரும் அவரேதான்.

அவரிடமும் ஒரு ரகசியம் இருந்தது. கொஞ்ச நாளாக அவருடைய வலது கை நடுங்கியது. கரண்டி பிடித்தால் நடுங்கியது, பேனா பிடித்தால் நடுங்கியது. பல் பிடுங்கும் குறடு பிடிக்கிற கை அது. மருத்துவமனையில் பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி டாக்டரம்மாவும் பல் பார்க்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஊருக்கே புத்தி சொல்லும் மனிதருக்குத் தன் கையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. கருவிகளைக் கொதிக்க வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியிடம் கொட்டித் தீர்த்தார். பெட்டி ‘கவலை வேண்டாம்’ என்றது. ஏன் என்று டாக்டர் கேட்கவில்லை.

ஒரு நாள் மருத்துவமனைத் தொலைபேசி அடித்தது. டாக்டரம்மா எடுத்துப் பேசிவிட்டு வந்தார். முகத்தில் கோபம் இல்லை.

“யாரோ எண்ணெய் விக்கிறவர். உங்க கை நடுக்கத்துக்குத் தேய்ச்சா நிக்குமாம். எந்தக் கைன்னும் அவரே சொன்னார். எனக்குத்தான் தெரியல.”

டாக்டருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை என்று தடுமாறினார். பெட்டியிடம் கூடவா என்று கேட்டார் டாக்டரம்மா. அப்போதும் டாக்டர் பெட்டிக்குத்தான் பரிந்து பேசினார். வயரைப் பிடுங்கியதைக் கண்ணால் பார்த்தேன் என்றார். மோதிரக்காரரின் சீடர்களும் அன்று இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தார்கள்.

டாக்டரம்மா தன் கைபேசியை நீட்டினார். “இதுக்கு வயர் எங்க இருக்கு?”

டாக்டரம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்தார். அந்த அறையின் சுவரிலும் கதவிலும் ஈயத்தகடு. கதவைச் சாத்தினால் கைபேசி அழைப்பு பட்டென்று அறுந்துவிடும். நோயாளிகள் தினமும் முணுமுணுப்பார்கள். டாக்டரையும் பெட்டியையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

மனிதனுக்கு எத்தனை பல் என்று டாக்டர் பெட்டியிடம் கேட்டார். ‘பிறகு முயற்சி செய்யுங்கள்’ என்றது. கதவைத் திறந்ததும் ‘முப்பத்திரண்டு’ என்றது. மறுபடி சாத்தினால் மறுபடி ஊமை. கடைசியாக ஒரு தடவை என்று டாக்டர் கெஞ்சிப் பார்த்தார். அவருக்குப் பல்லின் எண்ணிக்கை தெரியாததால் அல்ல. தான் ஏமாறவில்லை என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

இதை மேடையில் சொல்ல வேண்டும் என்றார் டாக்டரம்மா. டாக்டர் பின்வாங்கினார். காப்பாளரிடம் தன் குடுமி சிக்கியிருக்கிறது, வாயைத் திறந்தால் மருத்துவமனையையே மூட வேண்டிவரும் என்றார்.

“வாயைத் திறந்துக்கிட்டு உங்க கைக்குக் கீழ ஒருத்தர் படுத்திருக்கார். அவருக்கு முதல்ல தெரிய வேண்டாமா?”

டாக்டர் எழுந்து போய், அடுத்த கூட்டம் என்றைக்கு என்று நாள்காட்டியைப் பார்த்தார்.

அடுத்த கூட்டத்துக்கு இன்னும் அதிகம் பேர் வந்தார்கள். பெரும்பாலோர் மடியில் பெட்டி. டாக்டர் எழுந்து, ஒரு பெட்டியைக் கீழே எக்ஸ்ரே அறையில் வைத்துப் பேசச் சொல்லலாமா என்று கேட்டார். கதிர் பட்டால் பெட்டியின் மனம் கெட்டுவிடும் என்றார் காப்பாளர். எக்ஸ்ரே இயந்திரத்தை நிறுத்தியே வைத்திருக்கிறது, வெறும் அறைதான் என்றார் டாக்டர். கூட்டம் முணுமுணுத்தது. காப்பாளர் டாக்டரின் காதருகே குனிந்தார். குரலை வழக்கம்போலத் தாழ்த்தினார். ஒலிவாங்கியும் வழக்கம்போல உதட்டில் இருந்தது.

“டாக்டர், உங்க வலது கை நடுங்கற விஷயத்தை இங்க பேச வேண்டாம்னு பாக்கறேன்.”

அரங்கம் முழுவதும் கேட்டது.

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு வலது கையைத் தூக்கினார். கடைசி வரிசைக்கும் தெரியும்படி அது நடுங்கியது.

“ஆமா, நடுங்குது. என் மனைவிகிட்ட கூட நான் சொல்லல. காதில்லாத பெட்டிகிட்ட மட்டும்தான் சொன்னேன். உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சது?”

ஒவ்வொருவரும் பெட்டியிடம் என்னென்ன கேட்டோம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்லாரும் பெட்டியோடு படியிறங்கி ஓடினார்கள். எக்ஸ்ரே அறை வாசலில் வரிசை நின்றது. உள்ளே போன பெட்டியெல்லாம் ஊமையானது. டாக்டரம்மா பல் சுரண்டும் கொக்கியால் ஒன்றை நெம்பித் திறந்தார். உள்ளே ஒரு மலிவுக் கைபேசி, சிம் அட்டையோடு. கேள்விகள் போனது எல்லாரும் பயந்தோடி வந்த அதே பெரிய கம்பெனிக்குத்தான். வழியில் காப்பாளரின் கணினியில் ஒரு நகல் இறங்கியது, எண்ணெய் விற்பவர்களுக்காக.

காப்பாளர் மேலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்டக்கூட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. எல்லார் வண்டவாளமும் அவர் கையில் இருந்தது. டாக்டரம்மாதான் போலீசுக்குப் போன் செய்தார். அவர் பெட்டியிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பல் பிடுங்கும் வேலையை இனி தான் பார்த்துக்கொள்வதாகவும், நாளைக்கே நரம்பு டாக்டரிடம் போக வேண்டும் என்றும் டாக்டரம்மா கணவரிடம் சொன்னார். டாக்டர் தலையாட்டினார். பல நாளுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

அப்போது தையல்காரர் ஒருவர் தயங்கி வந்தார். நிஜமாகவே ஒட்டுக் கேட்காத அரட்டை இயந்திரம் உலகத்தில் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்றார் டாக்டர். நம் கணினிக்குள்ளேயே இயங்குபவை உண்டு. கொஞ்சம் மெதுவாகப் பேசும், கொஞ்சம் அசடு வழியும், ஆனால் கதவைச் சாத்தினாலும் பேசும். யார் விற்றாலும் முதலில் இந்த அறைக்குள் வைத்துப் பாருங்கள், அதில் தேறினாலும் கேள்வி கேட்பதை நிறுத்தாதீர்கள் என்றார்.

தையல்காரரின் முகம் மலர்ந்தது. பின்னால் நின்றவர்களும் நெருங்கி வந்தார்கள்.

“அப்படின்னா நீங்களே ஒரு பெட்டி செஞ்சு குடுத்துடுங்க டாக்டர். நீங்க சொன்னா நாங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்கிக்குவோம்.”

டாக்டர் நடுங்கும் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“கண்ணை மூடிக்கிறதா இருந்தா என் நாற்காலியில மூடிக்குங்க, ஊசியைப் பார்க்கப் பயமா இருந்தா. மத்த இடத்துல எல்லாம் திறந்தே வைங்க. நான் ஒரு தடவை மூடிப் பார்த்துட்டேன், அது போதும்.”