யார் தொட்டது?

மனிதர்களில் ஒரு வகை உண்டு. ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றுபோனால் ஏன் நின்றது என்று அவர்கள் கேட்பதில்லை. யார் தொட்டது என்றுதான் கேட்பார்கள். தேர்த்திருவிழாவில் மைக் கரகரத்தால் ஒயரைப் பார்ப்பதற்கு முன் ரேடியோ செட்காரரைப் பார்ப்பார்கள். ஓடினால் தங்கள் கைவண்ணம். நின்றால் அடுத்தவர் கைவரிசை. இந்த வகையில் நன்றாக விளைந்த ஒருவரைப் பார்க்க ஆசையிருந்தால் திருப்பூருக்கு வாருங்கள். நான் ஆர்டர் கவனிக்கும் மெர்சண்டைசராக இருக்கும் பனியன் கம்பெனியில் பிரபாகர் என்று ஒரு ஐ.டி. மேனேஜர் இருக்கிறார்.

சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் இப்போது பனியனோடு அதன் பூர்வீகத்தையும் கேட்கிறார்கள். எந்தக் காட்டுப் பருத்தி, எங்கே சாயம் போட்டது, எங்கே தைத்தது என்பதெல்லாம் ஸ்டிக்கரை செல்போனில் காட்டினால் தெரிய வேண்டும். யாரும் பின்னால் திருத்தவும் கூடாது. அதற்காகப் பிரபாகர், பிளாக்செயின் என்கிற, உலகத்துக்கே பொதுவான, அழிக்க முடியாத கணக்கேட்டில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று ஒரு புரோகிராம் போட்டார். சரக்கு ஒவ்வொரு இடம் மாறும்போதும் போட்டவர் பெயர், தேதியோடு அதில் ஒரு பதிவு விழும். ஆனால் உலகத்தார் பதிவெல்லாம் கலந்து கிடக்கும் அந்தக் குவியலில் நம்முடையதை மட்டும் பொறுக்கி எடுத்து, கேட்டவுடன் நீட்ட இன்னொரு புரோகிராம் வேண்டும். அதற்குப் பெயர் இண்டெக்ஸர்.

அதை அவர் நிறுவிய அழகைக் கும்பாபிஷேகம் என்றுதான் சொல்லவேண்டும். சர்வருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, ரிசப்ஷன் சுவரில் ஒரு டி.வி. மாட்டி, அதில் ஒரு பச்சை விளக்கு எரிய விட்டு, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் அதன் முன்னால் நிறுத்தி, "ஒருதடவை எழுதிட்டா கடவுளே வந்தாலும் மாத்த முடியாதுங்க" என்றார். கடவுள் வரவில்லை. நியூமராலஜிக்காரர் வந்தார்.

கம்பெனிப் பெயரில் ஆங்கில எழுத்து ஒன்றைக் கூட்டினால்தான் யோகம் என்று அவர் சொல்ல, எங்கள் முதலாளி பொன்னுச்சாமி போர்டு முதல் பில் வரை எல்லாவற்றிலும் எழுத்தைக் கூட்டினார். கான்ட்ராக்டிலும் கூட்ட வேண்டுமென்றார். பிரபாகரின் கான்ட்ராக்டில் எழுதினதை மாற்ற முடியாதல்லவா? எனவே பிரபாகர் புதுப் பெயரில் புதுக் கான்ட்ராக்ட் ஒன்றைப் புது முகவரியில் போட்டார். பதிவு செய்கிற கம்ப்யூட்டருக்குப் புது முகவரியைச் சொன்னார். இண்டெக்ஸருக்குச் சொல்ல மறந்துவிட்டார். அது, குடி மாறிப்போன வீட்டின் வாசலில் போய் நிற்கும் தபால்காரர் மாதிரி, நாள் தவறாமல் பழைய முகவரிக்குப் போய், ஒன்றுமில்லை என்று திரும்பி வந்து, பச்சை விளக்கை எரியவிட்டது. அதன் கணக்கில் எல்லாம் சரி. பார்க்கச் சொன்ன இடத்தைப் பார்த்துவிட்டதே.

பதிவு போட்டுக்கொண்டிருந்த பெண் தேவிப்பிரியா. ஊத்துக்குளிப் பக்கம். செக்கிங் டேபிளில் நின்றபடி துணியில் ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தவள், ஷிப்ட் முடிந்து கம்ப்யூட்டர் கிளாஸ் போய்ப் படித்து, இந்த நாற்காலிக்கு வந்திருந்தாள். அவள் அப்பா நல்லான் கறிவேப்பிலை கொடுக்க வந்ததாகச் சொல்லி ஒருநாள் கம்பெனிக்கு வந்து, மகள் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பெங்களூரிலிருந்து பையர் ஆபீஸ் ஆஷா மேடம் வந்தார். புது ஆர்டர் பனியன் ஒன்றை எடுத்து ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தார். பெயர் வந்தது, பருத்திப் பூப் படம் வந்தது, கீழே வெறும் வெள்ளை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் வெள்ளை. "இந்த லாட்டுக்கு ஹிஸ்டரியே இல்லையே. இதை எப்படி நான் அனுப்ப விடறது?" என்றார். கன்டெய்னர் நின்றது.

முதலாளி பிரபாகரைப் பார்த்தார். பிரபாகர் பச்சை விளக்கைப் பார்த்தார். பிறகு தேவிப்பிரியா பக்கம் தலையைத் திருப்பி, நம்முடைய வகை எப்போதும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சிஸ்டத்தை யாரும்மா தொட்டது?"

"நாந்தானுங்க சார் பதிவு போடறேன். ஒண்ணு விடாம போட்டுட்டுத்தானுங்க இருக்கறேன். டிக் மார்க் கூட வருதுங்க."

"இண்டெக்ஸர் ஓடுது, பச்சை எரியுது. நீ போடாட்டி அது எதைக் காட்டும்? சிஸ்டம் பொய் சொல்லாதும்மா."

அவள் முதலாளியைப் பார்த்தாள். "நான் மட்டும் சொல்லுவனுங்களா?" என்றாள். முதலாளி தரையைப் பார்த்தபடி, "செக்கிங்குக்கே போயிரு அம்மிணி" என்றார். பதினைந்து பேர் பார்க்க அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அந்த வாரச் சம்பளத்தோடு வேலையை விட்டு நின்றுகொண்டாள்.

அவள் நாற்காலியில் ஜெயபாரதி என்ற பெண்ணை உட்காரவைத்தார்கள். அவளும் போட்டாள். திரை வெள்ளையாகவே இருந்தது. பிரபாகர் அவளிடமும் போய், யார் தொட்டது என்று கேட்டார். அவள் அழத் தொடங்கினாள். அடுத்து குற்றம் சாட்ட ஆள் இல்லாத நிலையில், உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடத்தை, அதாவது தன் வேலையை, அவர் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார். முகவரியை மாற்றினார். டி.வி. பதிவுகளால் நிரம்பியது. வெளியே வந்தவர் அசடு வழிந்தாரா? வழியவில்லை. "இண்டெக்ஸரை அப்கிரேட் பண்ணியிருக்கேனுங்க. இனி செம ஸ்பீடு" என்றார். கைதட்டினார்கள்.

கணக்குப் பார்க்கும் சித்ராதேவி அக்கா கைதட்டவில்லை. திரையருகே போய்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். "ஏனுங்க பிரபாகர், இதுல கடைசி நாலஞ்சுதான் ஜெயபாரதி, மிச்சம் பூராவும் தேவிப்பிரியா பேருதானுங்களே இருக்குது. அந்தப் புள்ள அன்னிக்கே போட்டிருக்குதே."

"அது மைக்ரேஷன் டேட்டாங்க. உங்களுக்குச் சொன்னா புரியாது."

"பேரு புரியுதுங்களே."

முதலாளி எழுந்து வந்து தானும் படித்தார். பிறகு எங்கள் எல்லோர் முன்னாலும், ஸ்பீக்கரில் போட்டு, அவளுக்குப் போன் செய்தார். "தப்பு எங்க மேல அம்மிணி. வந்து பழைய சீட்டுல உக்காரு."

போனில் அவளுக்குப் பின்னால் தையல் மிஷின் சத்தம் கேட்டது. வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தாள். "இல்லீங்க, வேண்டாங்க" என்றாள். "இங்க நான் செக்கிங்தானுங்க. நின்னுக்கிட்டேதான் வேலை. ஆனா துணியில ஓட்டை இருக்குதுன்னு நான் சொன்னா நம்பறாங்க. வெச்சரட்டுங்களா?"

வைத்துவிட்டாள். முதலாளி போனைச் சட்டைப்பையில் போட்டார். இந்த இடத்தில் யாராவது ஏதாவது சொல்லத்தானே வேண்டும்? பிரபாகர் சொன்னார். "இந்தக் காலத்துல ஆளுங்களுக்கு விசுவாசமே இல்லீங்க."

அவர் இன்னும் இருக்கிறார். அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் நம்பகத்தன்மை பற்றிப் பேசப்போகிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இப்படி ஒரு ஆளா என்று தலையைக்கூட ஆட்டுகிறீர்கள். நல்லது. போன வாரம் உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் நின்றபோது நீங்கள் முதலில் திரும்பிப் பார்த்தது இன்வெர்ட்டரையா, அல்லது அடுப்படியில் நின்றிருந்தவரையா? எனக்குச் சொல்ல வேண்டாம். அவரைக் கேட்டால் சொல்லுவார்.