நாலு பேருக்குக் காணுகிற வேப்

நாடுகள் கூடி உட்கார்ந்து எல்லை வகுத்த மாநாடுகளையெல்லாம் வரலாறு பத்திரமாக எழுதி வைத்திருக்கிறது. வளைகுடா நாட்டு ருவைஸ் லேபர் கேம்ப்பில், மாடி மூலை அறையில், தரையில் சாப்பாட்டு விரிப்பைப் போட்டு நடந்த மாநாட்டை மட்டும் எந்தப் புத்தகமும் குறிக்கவில்லை. இது வரலாற்றுக்குத்தான் அவமானம். ஒரு மனிதனின் நுரையீரலைக் காப்பாற்ற, மூன்று மனிதர்கள் தங்கள் நுரையீரலை எடுத்து முன்னால் வைத்த சம்பவம் பூவுலகில் வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

காப்பாற்றப்பட வேண்டிய நுரையீரல் பழனிச்சாமியுடையது. தாராபுரம் பக்கத்து ஆள். ரிஃபைனரியில் ஷட்டவுன் விட்டால், ராட்சதத் தொட்டிகளைத் திறந்து உள்ளே இறங்கிச் சுரண்டுகிற கோஷ்டியில் இருந்தார். முகத்தில் மாஸ்க், முதுகில் காற்று சிலிண்டர். அந்த மாஸ்க்கைப் போடத் தகுந்த ஆளா என்று பார்க்க வருஷம் ஒருமுறை கம்பெனி கிளினிக்கில் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்வார்கள். ஊதினால் கம்ப்யூட்டரில் கோடு மலைபோல ஏற வேண்டும். போன வருஷம் பழனிச்சாமி ஊதியபோது அது ஏதோ எழுந்திருப்பதுபோல் பாவனை செய்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"பார்டர்" என்றார் டாக்டர். "சிகரெட்டா? அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் மாஸ்க் வேலை மாஃபி, கிடையாது."

மாஸ்க் வேலை இல்லாத பழனிச்சாமியைக் கம்பெனி வைத்துக்கொண்டு என்ன செய்யும்? டிக்கெட் போட்டு ஏற்றிவிடும். ஊரில் மகள் சந்தியா நர்சிங்கில் பாதியில் நிற்கிறாள். மனைவி ராக்கம்மாள் போனில் வேறெதுவும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

"ஏனுங்க, அந்த ஊதற டெஸ்ட்டு என்னைக்குங்க?"

"அடுத்த மாசம்."

"அந்தக் கருமத்த இன்னும் உடலியா?"

"உட்டுட்டே இருக்கறன்."

"வாயிலிருந்தா, கையிலிருந்தா?"

பழனிச்சாமி நிஜமாகவே விடப் பார்த்தார். ஏலக்காய் மென்றார். வேர்க்கடலை மென்றார். ஒரு மனிதன் தன்னந்தனியாகச் செய்ய வேண்டிய காரியம் அது. அவர் செய்த ஒரே பிழை, அதை அறையில் வாய்விட்டுச் சொன்னது.

"நெருப்பு இல்லாத மிஷினு ஒண்ணு இருக்காமே. வேப்புனு. அதுக்கு மாறிக்கிட்டு, அப்பறம் அதையும் உட்றலாம்னு பாக்கறன்."

உடனே மாநாடு கூடியது.

அறையில் நாலு பேர். தலைமை, கமுதி வீரபாண்டி. அறையின் சமையல் மெஸ்ஸுக்கு அவரே செயலாளர். தேர்தல் நடந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. தொழில்நுட்பப் பிரிவு, அரியலூர் விஜயபாஸ்கர். எதையும் மூன்று வீடியோ பார்த்தபின்தான் நம்புவார், நாலாவது பார்த்தால் மாற்றிக்கொள்வார். மூன்றாவது பாலமுரளி. எந்தத் தீர்மானத்துக்கும் முதலில் கை தூக்குகிற பொறுப்பு அவருடையது. சில சமயம் தீர்மானத்தைப் படிக்கும் முன்பே தூக்கிவிடுவார். மூவருக்கும் சிகரெட் வாடையே ஆகாது. அவர்கள் அறிந்த ஒரே புகை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி.

"தனியா வாங்கப் போறீகளாண்ணே?" என்றார் வீரபாண்டி, மனம் நொந்த குரலில். "இந்த ரூம்புல எதையாவது எவனாவது தனியா வாங்கியிருக்கமா? குக்கர் மெஸ்ஸோடது. மிக்ஸி மெஸ்ஸோடது. இஸ்திரிப் பெட்டி மெஸ்ஸோடது. வேப்பு மட்டும் என்ன ஒசத்தி?"

"அது என்ர நெஞ்சு சம்பந்தப்பட்டதுப்பா."

"ஒங்க நெஞ்சு எங்க நெஞ்சு இல்லையா?"

பாலமுரளி கை தூக்கினார். அறையின் நெஞ்சு ஒன்றே என்பது ஏகமனதாக நிறைவேறியது. ஆளுக்கொரு பங்கு போடுவது என்று முடிவானது.

அடுத்த பொருள், கொள்ளளவு. இதில்தான் அறையின் முந்தைய அனுபவம் கைகொடுத்தது. முதலில் சின்ன ரைஸ் குக்கர் வாங்கி, கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவன் அடிச்சோற்றைச் சுரண்டிக்கொண்டிருந்த அந்த இருண்ட காலத்தை வீரபாண்டி நினைவூட்டினார். "அந்தத் தப்ப மறுபடி பண்ணக் கூடாது. வாங்குனா நாலு பேருக்குக் காணுற மாதிரி பெருசா வாங்கணும்."

"நாலு பேருக்கு எதுக்குப்பா? இழுக்கறது நான் ஒருத்தன்தான?"

"பாத்திரம்னா பெருசாத்தேன் இருக்கணும்ணே. விருந்தாடி வந்தா?"

விஜயபாஸ்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொழில்நுட்ப அறிக்கையைச் சமர்ப்பித்தார். "தூக்கிப்போடுற வகை வேண்டாம். அது சுற்றுச்சூழலுக்குக் கேடு. ஜூஸ் ஊத்தி ஊத்தி இழுக்கிற வகைதான் நல்லது. அதுலயும் தொட்டி பெருசா இருக்கணும். சின்னத் தொட்டின்னா அடிக்கடி ஊத்தணும். அடிக்கடி ஊத்துனா பழக்கம் அதிகமாயிடும். பெரிய தொட்டின்னா எப்பவாவதுதான் ஊத்துவோம். அப்ப பழக்கம் தானா குறையும்."

பழனிச்சாமிக்கு இதில் எங்கோ கல் தட்டியது. எங்கே என்று அவர் தேடி எடுப்பதற்குள் பாலமுரளியின் கை மேலே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை நால்வரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் சாகிர், கீழக்கரைக்காரர். முன்பு அதே இடத்தில் அத்தரும் ஊதுபத்தியும் விற்றார். காலத்தோடு முன்னேறி, வாசனையை மனிதனின் உடம்புக்கு வெளியே பூசுவதை விட்டு உள்ளே பூசத் தொடங்கியிருந்தார்.

"வாங்கண்ணே, வாங்க. யாருக்கு?"

"மெஸ்ஸுக்கு" என்றார் வீரபாண்டி.

சாகிருக்கு இந்தப் பதில் புதிது. ஆனால் வியாபாரி. முகத்தில் ஒன்றும் காட்டாமல் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பாட் என்று சொல்லப்படுகிற சின்னத் தொட்டியைக் கழற்றிக் காட்டினார், மாட்டிக் காட்டினார். வீரபாண்டி அதைப் பாத்திரக்கடையில் சொம்பு பார்ப்பதுபோல் தட்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கி அடிப்பகுதியைப் பார்த்தார்.

"மூடி டைட்டா இருக்குமா?"

"கவுத்துப் போட்டாலும் சிந்தாதுண்ணே."

"அடி பிடிக்குமா?"

"உள்ள சூடாகுற காயில் கம்பி தீஞ்சா மாத்திக்கலாம்ணே."

"இதைவிடப் பெருசு?"

சாகிர் பின்னறைக்குப் போய் ஒன்றைக் கொண்டுவந்தார். கைக்கு அடங்காத பருமன். பாலமுரளி அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு ருசித் தேர்வு. பழனிச்சாமி ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். "புகையிலை ருசி இருந்தா குடு தம்பி. பழகுனது."

"அது பழச ஞாபகப்படுத்தும்ணே. விட வந்தவக அதையா இழுக்குறது?" என்று வீரபாண்டி தடுத்தார். வாக்கெடுப்பு நடந்தது. புகைப்பிடிக்கிறவர் ஓட்டு ஒன்று, பிடிக்காதவர்கள் ஓட்டு மூன்று. ஜனநாயக முறைப்படி மாம்பழ ஐஸ் வென்றது. மாம்பழ ஐஸைப் பரிந்துரைத்தவர் பாலமுரளி. அவர் ஜென்மத்தில் வேறெதையும் பரிந்துரைத்ததில்லை.

"ஒண்ணு சொல்றேன்ணே" என்றார் சாகிர். "இதையும் சிகரெட்டையும் கலந்து அடிக்கக் கூடாது."

அந்த வார்த்தையை வீரபாண்டி சட்டமாக எடுத்துக்கொண்டார். கடை வாசலிலேயே பழனிச்சாமியின் பாக்கெட்டிலிருந்த சிகரெட்டுகள் ஒடிக்கப்பட்டுக் குப்பைத் தொட்டிக்குள் போயின. லைட்டர் பறிமுதல். பழனிச்சாமி வேப்பை வாங்கக் கையை நீட்டினார்.

"இருங்கண்ணே, அவசரப்படாதீக. உப்புப் பாக்காம பரிமாற முடியுமா? ஒங்க நெஞ்சு ஏற்கெனவே பார்டர்ல கெடக்கு. என்ன ஏதுன்னு தெரியாம ஒங்க வாயில வைக்க எங்களுக்கு மனசு வருமா?"

வீரபாண்டி கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். முகம் சிவந்து, விழி பிதுங்கி, ஒரு பாட்டம் இருமினார். "உப்பு சரியாத் தெரியல" என்று விஜயபாஸ்கரிடம் நீட்டினார். விஜயபாஸ்கர் பார்த்துவிட்டு, இரண்டாவது கருத்துக்காகப் பாலமுரளியிடம் கொடுத்தார். கேம்ப் பஸ் வந்து சேர்ந்தபோதும் உப்பு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நண்பனுக்காக இப்படி ஒரு தியாகமா!

மறுநாள் நிர்வாகச் சிக்கல் எழுந்தது. இருப்பது ஒரு வேப், பங்குதாரர்கள் நாலு பேர். யார் எப்போது வைத்துக்கொள்வது? வீரபாண்டி ஒரு நொடியும் தயங்கவில்லை. மெஸ்ஸில் எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. அன்றைக்கு அடுப்பில் நிற்கிறவன் பாவம், வேக்காட்டில் வேகிறான். ஆகவே சமையல் முறை யாருடையதோ, வேப்பும் அன்று அவருடையது.

"அப்ப என்ர முறை?" என்றார் பழனிச்சாமி.

பழனிச்சாமி ஒரு தடவை சாம்பார் வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அவரை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. அவருக்கு நிரந்தரமாகப் பாத்திரம் கழுவும் பொறுப்பு.

"ஒங்களுக்குச் சமையல் முறையே இல்லையேண்ணே" என்றார் வீரபாண்டி, உண்மையான வருத்தத்துடன்.

"அட, எனக்காக வாங்குனதப்பா இது! டெஸ்ட்டுக்கு நாள் நெருங்கிட்டு இருக்குது!"

"வாஸ்தவந்தேன். ஆனா ஒருத்தருக்காக ரூலை ஒடைச்சா நாளைக்கு மெஸ்ஸு மெஸ்ஸா இருக்குமா? வேணும்னா ஒண்ணு செய்யலாம். பாத்திரம் ஒங்க பொறுப்பு. இதுவும் பாத்திரந்தேன். தெனமும் சாயங்காலம் இதக் கழுவிக் குடுக்குறது நீங்களே வச்சுக்கங்க. வேற யாருக்கும் தர மாட்டோம்."

இப்படியாக, தனக்காக வாங்கப்பட்ட கருவியைத் தினமும் கையில் தொடும் பாக்கியம் பழனிச்சாமிக்குக் கிடைத்தது. தொட்டியைக் கழற்றுவார், பஞ்சால் துடைப்பார், மாம்பழ ஐஸை நிரப்புவார், சமையல்காரரிடம் ஒப்படைப்பார். சமையல்காரர் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் வேப்புமாக நின்றார். குழம்பு எது, ஆவி எது என்று தெரியவில்லை.

ஆரம்ப நாட்களில் சிகரெட் இல்லாமல் பழனிச்சாமிக்குத் தூக்கம் வரவில்லை. எரிச்சல் பொங்கியது. அதையெல்லாம் பாத்திரங்கள் மேல் காட்டினார். தேய்த்த தேய்ப்பில் பழைய வாணலிக்குள் முகம் பார்க்க முடிந்தது. கள்ளத்தனமாக ஒரு சிகரெட் வாங்கிக்கொண்டு சைட்டில் புகைபிடிக்க ஒதுக்கிய கூண்டுக்குப் போனார். அங்கே ஏற்கெனவே பாலமுரளி. அன்று அவருடைய சமையல் முறை.

"அண்ணே! அதக் கீழ போடுங்க. உங்களைக் காவல் பாக்கச் சொல்லி வீரபாண்டி அண்ணன் அனுப்பிச்சார்." சொல்லிவிட்டு மாம்பழ வாசனையில் ஒரு மேகத்தை விட்டார். அதற்குள்ளிருந்து இருமல் சத்தம் மட்டும் வந்தது. "விட்டுடுங்கண்ணே. நல்லதில்ல."

பழனிச்சாமி மேகத்தைப் பார்த்தார். கையிலிருந்ததைப் பார்த்தார். கீழே போட்டு மிதித்தார். அதற்குப்பின் வாங்கவில்லை.

டெஸ்ட் வந்தது. நால்வரும் ஒரே கோஷ்டி, ஆகவே ஒரே நாள். முதலில் பழனிச்சாமி. குழாயை வாயில் வைத்தார். சந்தியாவின் கல்லூரி ஒரு கணம் கண்ணில் வந்து போனது.

"சேட்டா, ஊது! ஊது ஊது ஊது, நிர்த்தல்லே, நிர்த்தல்லே!" என்று, நிறுத்தவே விடாமல், மலையாள நர்ஸ் கத்தினாள்.

பழனிச்சாமி ஊதினார். கோடு எழுந்தது. படுக்கவில்லை. ஏறியது, மேலும் ஏறியது. நர்ஸ் திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாஸ்" என்றாள். அவர் வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு ராக்கம்மாளுக்குப் போன் போட்டார். போனுக்குள் ஒரு நீள மூச்சை ஊதிக் காட்டினார். "சரிங்க, சரிங்க, புரிஞ்சுதுங்க" என்றாள் அவள்.

உள்ளே வீரபாண்டி ஊதத் தொடங்கினார். பாதியில் இருமல். மறுபடி ஊதினார், மறுபடி இருமல். விஜயபாஸ்கர் குழாயை வாயில் வைத்ததுமே பழக்க தோஷத்தில் உள்ளே இழுத்துவிட்டார். "ஊதான் பறஞ்ஞதல்லே!" என்று ஊதச் சொன்ன நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். பாலமுரளி ஊதியதை மெஷின் ஊதலாகவே ஏற்றுக்கொள்ளவில்லை. டாக்டர் மூவரையும் வரிசையாக நிற்க வைத்து ஒரே வார்த்தை சொன்னார்.

"பார்டர்."

மறு டெஸ்ட் வரை மூவருக்கும் மாஸ்க் வேலை கிடையாது. கீழே நின்று இரும்புத் துண்டு பொறுக்கலாம். அதன் பிறகும் தேறாவிட்டால் டிக்கெட்.

அவசர மாநாடு கூடியது. தோல்விக்கான காரணம் ஆராயப்பட்டது. "அண்ணன் தேறிட்டாரு. ஆக நம்ம வேப்பு மிஷின்ல குத்தமில்ல" என்றார் வீரபாண்டி இருமிக்கொண்டே. "நாலு பேருக்கு ஒண்ணு பத்தல. அதேன் கோளாறு. ஆளுக்கொண்ணு வாங்கணும்." விஜயபாஸ்கர் வழிமொழிந்தார். பாலமுரளியின் கை மேலேயே இருந்தது.

மூவரும் கடைக்குக் கிளம்ப, பழனிச்சாமியும் தடுக்கலாம் என்று கூடவே போனார். சாகிர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேள்விப்பட்டேன்ணே! சிகரெட்டை விட்டு டெஸ்ட்ல பாஸாமே! நம்ம கடை மிஷினு! இப்படி நில்லுங்க, ஒரு போட்டோ. பெருசாப் போட்டு வாசல்ல மாட்டணும்."

"தம்பி, அந்த மிஷின நான் ஒருக்காகூட வாயில வெச்சதில்ல. கழுவுனதோட சரி."

"கையில பிடிச்சீங்கள்ல? போட்டோவுக்கு அது போதும்ணே."

பழனிச்சாமிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. புதுசாகக் கிடைத்த மூச்சு முழுவதையும் கூட்டிக் கத்தினார். "இந்த மூணு பேரும் பொகைன்னா என்னன்னு தெரியாத ஆளுங்க. எனக்கு வைத்தியம் வாங்க வந்தவங்களை நோயாளியாக்கி அனுப்பியிருக்கற. படம் மாட்டறதுன்னா உன்ர மிஷின இழுத்தவங்க படத்த மாட்டு. இதோ நிக்கறாங்க, எடு!"

சாகிர் கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. பில் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தி, வரிசையில் நின்று இருமிக் குலுங்கிக்கொண்டிருந்த மூவரையும் வாஞ்சையோடு பார்த்தார்.

"எடுக்க மாட்டேன்னா சொல்றேன்? நானும் கடை தொறந்த நாள்லேர்ந்து பாக்குறேன்ணே. போட்டோ எடுக்குற வரைக்கும் இருமாம நிக்கிற வாடிக்கை ஒருத்தர்கூட அமையலயே!"