எமர்ஜென்சி அண்ணன் எழுத மறுத்த கஷ்டம்

தமிழ்நாட்டில் பாதிப் பேரை ஐசியூவில் சேர்த்தது எங்கள் எமர்ஜென்சி அண்ணன்தான். சத்தியமாகச் சொல்கிறேன். அத்தனை பேரையும் குவைத்தில் உட்கார்ந்தபடியே சேர்த்தார்.

அப்பாசியாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு, அரபியில் சொன்னால், அவர் ஹாரிஸ். நம்மூர்க் கணக்கில் வாட்ச்மேன். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். லிஃப்டை ஒட்டி, ஒரு கட்டில் போட்டால் கதவு திறக்காத அறை. கம்பெனியில் லீவு கிடைக்காதவர்கள் அங்கேதான் வந்து நிற்பார்கள். சும்மா கேட்டால் மேனேஜர் "மாஃபி", கிடையாது என்று கையை விரித்துவிடுவார். ஊரில் யாராவது படுத்தால்தான் எமர்ஜென்சி லீவு. லெட்டர் எழுதிப் படுக்க வைப்பது அண்ணன் பொறுப்பு. அவருடைய லெட்டரைப் படித்துவிட்டு ஒரு மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டே டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தாராம்.

ஆனால் யாரையும் சாகடிக்க மாட்டார். "உசுர எடுக்குற பாவம் நமக்கு வேணாம்ப்பா. ஐசியூவோட நிறுத்திக்குவோம்" என்பார்.

லீவு முடிந்து திரும்புகிறவனை வாசலிலேயே மடக்குவார்.

"மாமனாருக்கு இப்பத் தேவலையா?"

"அண்ணே, அது நீங்க எழுதுனதுதானே! அவரு கல்லுமாதிரி இருக்காரு."

"எழுதுனவனுக்குத்தானப்பா தெரியும். மனசு கெடந்து அடிச்சுக்குது."

இந்த ஆளை என்ன செய்வது, சொல்லுங்கள்!

என் மகள் நிலா ப்ளஸ் டூ முடிக்கும் சமயம், கனடாவில் ஒரு காலேஜுக்கு விண்ணப்பித்தாள். ஸ்காலர்ஷிப் கிடைத்தால்தான் படிப்பு. இல்லாவிட்டால் கனடாவை மேப்பில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள்: வாழ்க்கையில் நீ பட்ட கஷ்டத்தை எழுது. இதென்ன கூத்து! நாமெல்லாம் கஷ்டத்தை அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மூடி வைக்கிற ஜாதி. கண்டம் விட்டுக் கண்டம் விரித்துக் காட்டு என்றால்? சரி, கஷ்டத்துக்கென்றே ஒரு ஸ்பெஷலிஸ்ட் கீழே இருக்கிறாரே என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்க அப்பனுக்கு ஆஞ்சியோ வச்சுருவமா ஆத்தா?"

குத்துக்கல்லாட்டம் எதிரிலேயே நிற்கிறேன்!

"அண்ணே!"

"காலேஜ் சேந்ததும் டிஸ்சார்ஜ் பண்ணிருவோம்ப்பா."

நிலா சிரிக்கவில்லை. "பொய் வேணாம் அங்கிள். ரியலாவே ஒண்ணு இருக்கு. அப்பாவுக்கு ஜாப் போன டைம்... டெய்லி டியூட்டிக்குன்னு கிளம்பி வந்து உங்க ரூம்லதானே உக்காந்திருந்தாங்க? ஒருநாள் ஃபீவர்னு ஸ்கூல்லேர்ந்து சீக்கிரமே வந்தேன். இங்க வாசல்ல அப்பா ஷூ கிடந்துச்சு. நீங்க கதவை மறைச்சு நின்னுக்கிட்டு, 'அப்பா ஆபீஸ்ல இருக்காரு ஆத்தா'ன்னு சொன்னீங்க."

வேறு வேலை கிடைத்து, விசாவும் தப்பிய பிறகு நான் குழி தோண்டிப் புதைத்த விஷயம். என் மனைவிக்குக்கூட இன்றுவரை தெரியாது.

அண்ணன் பேனாவை மூடிவிட்டார்.

"அத எழுதாத ஆத்தா."

"ஏன் அங்கிள்?"

"அது நெசமாச்சே. அப்பனுக்கு வலிக்கும். வேணும்னா எனக்குக் கேன்சர்னு போடு. நான் செத்துட்டேன்னாக்கூட எழுதிக்க, பரவால்ல."

யாரையும் சாகவிடாத மனுஷன் சொல்கிற பேச்சா இது! எனக்கு வெட்கமாக இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் இத்தனை வருஷம் தெரிந்தும் தெரியாததுபோல் என்னோடு சோறு சாப்பிட்ட பிள்ளை. அவளிடம் இனி எதை மறைக்க?

"எழுதும்மா" என்றேன்.

எழுதினாள். ஸ்காலர்ஷிப்பும் கிடைத்தது. கிளம்புவதற்கு முன் அண்ணனைக் கட்டிலில் உட்கார வைத்து, கட்டுரையைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். "அப்பா அழாம இருந்ததுக்குக் காரணம் என் பெரியப்பா. தினமும் அவருக்கு டீ போட்டுக் குடுத்து, கூடவே உக்காந்திருந்தார்..."

அண்ணன் பதறிவிட்டார். "பெரியப்பாவா? அது யாரு ஆத்தா?"

"நீங்கதான்."

"அடியாத்தி! நான் ஒங்கப்பனுக்குக் கூடப்பொறந்தவன் இல்லியே! காலேஜ்ல விசாரிச்சா என்ன சொல்லுவ? இம்புட்டும் நெசத்த எழுதிப்புட்டு, இதுல போயி பொய்ய எழுதிருக்கியே!" என்று தவிப்போடு என்னைப் பார்த்தார்.

"பொய் இல்லண்ணே" என்றேன்.