இலவசத் தையல் வகுப்பு

நர்ஸ் ஏணியில் ஏறி, 'குடும்பக் கட்டுப்பாட்டு நிலையம்' என்ற பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதிகாரியின் உத்தரவோ அதை இரண்டு மடங்கு பெரிதாக்கச் சொன்னது. இந்த மாதம் முப்பது பெண்களாவது வராவிட்டால் நிலையத்துக்குப் பூட்டு. அடுத்த நிலையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், எவளுக்கு முடியும்?

பெண்கள் வராமல் இல்லை. நர்ஸ் மூன்று வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணியிருந்தார். வாசல்வரை வந்தவர்கள் நாற்பது பேர். எதிர் பஸ் நிறுத்தத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் முப்பத்தொரு பேர். ஒன்றை மாற்றிப் பார், பிறகு எண்ணிப் பார், அதுதான் ஆராய்ச்சி என்று பயிற்சியில் சொன்னதே அதிகாரிதான். கணக்கை அனுப்பினால், பலகை சரியாகத் தெரியவில்லை போலும் என்று அந்த மகானுபாவர் கண்டுபிடித்தார்.

நர்ஸ் புதுப் பலகை மாட்டினார்: 'பெண்களுக்கு இலவசத் தையல் வகுப்பு'.

முதல் வாரமே பன்னிரண்டு பேர். ஆனால் என்னதான் தைத்தாய் என்று மாமியார்கள் கேட்கத் தொடங்கினார்கள். நர்ஸ் கடையில் தலையணை உறைகள் வாங்கி ஆளுக்கொன்று கொடுத்தனுப்பினார். அதுவே வினையாயிற்று. மாமியார்களும் கிழிந்த போர்வையும் கையுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத நர்ஸ், இரவல் மெஷினை வைத்து வகுப்பும் எடுத்தார். நடுநடுவே, அளவெடுக்க வேண்டும் என்று மருமகள்களை ஒவ்வொருத்தியாக உள்ளறைக்கு அழைத்துப்போய் மாத்திரை கொடுத்தார்.

மாதக் கடைசியில் அதிகாரி வந்தார்.

"யாரைக் கேட்டு போர்டை மாத்தினீங்க?"

"நீங்க கேட்டது முப்பது பேர். வந்தது அம்பத்திரெண்டு. நோட்டைப் பாருங்க சார்."

"இன்னைக்கே பழைய போர்டு மேல ஏறணும்."

"நீங்களே ஏறி மாட்டுங்க. நான் ஏணியைக்கூடப் பிடிக்க மாட்டேன்."

அதிகாரிக்குக் கோபம் தலைக்கேறியது. இது குடும்பக் கட்டுப்பாட்டு நிலையம், தையல் கடை இல்லை என்று கூரை அதிரக் கத்தினார்.

மெஷின் நின்றது. ஐம்பத்திரண்டு பெண்களும் இன்றைக்கு வீட்டில் மாட்டிக்கொள்வார்கள். ஆனாலும் நர்ஸ் எவளையும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. போய் உள்ளறைக் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

மெஷினில் உட்கார்ந்திருந்த மாமியார் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.

"மெதுவா பேசுங்க தம்பி. எங்களுக்கு முதல் நாளே தெரியும். நாங்களும் ஏமாந்த மாதிரி இருந்தாத்தானே எங்க வீட்டு ஆம்பளைங்க நம்புவாங்க."